நாலாவது கை

மரக்காணம்
7-10-2024

பொம்மி,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் வலி மழையோடு வரும். மழை வந்துவிட்டது, அதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. உனக்கு அந்த மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? காலையில் பச்சைத் தண்ணீரிலா குளிக்கச் சொல்கிறார்கள்? கன்னியாஸ்திரி ஆகும்போது மடத்தில் உனக்கு வேறு பெயர் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். வைக்கட்டும். எனக்கு நீ பொம்மிதான்.

அப்பா போய் அஞ்சு மாசம். அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டு நீ போன பிறகு நான் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டேன். அசதியில் தூக்கம் வந்துவிடும். இப்போது பாத்தி எல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிவிட்டது. தை வரைக்கும் வேலை கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று பூசை முடிந்து வந்தால் வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். மேஸ்திரி குப்புசாமி அண்ணன், இருசப்பன், தெய்வசிகாமணி அண்ணன். அப்பாவோடு மழைக்காலம் முழுக்க நம் வீட்டில் உட்கார்ந்து சீட்டாடியவர்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார்கள். அப்புறம் குப்புசாமி அண்ணன் கேட்டார், "சாலமன் வச்சிருந்த கட்டு இருக்குதா தங்கச்சி?"

அவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை. சீட்டுக்கட்டுக்கு வந்திருக்கிறார்கள். குப்புசாமி அண்ணனின் கிளியனூர் மருமகன் பாலகுருவை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஆடப்போகிறார்களாம்.

இந்தக் கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் உனக்குத் தருவார்கள் என்று தெரியும். அதனால் அவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். மதருக்கு ஸ்தோத்திரம். காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. கிளிஞ்சல்தான். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. அதை மூன்று வரிசையாக அடுக்க வேண்டும், முன்னால் மூன்று, நடுவில் ஐந்து, கடைசியில் ஐந்து. பொம்மியின் அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் சீனாக்காரர்களோடு ஆடிக் கற்றுக்கொண்டு வந்தார். அங்கே என்ன பெயரோ தெரியாது. இங்கே முன்பாத்தி, நடுப்பாத்தி, கடைப்பாத்தி. உப்பளத்தில் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்குப் போகப் போக உப்பின் டிகிரி ஏறும். சீட்டிலும் அப்படித்தான். முன்னதை விட நடு உசத்தியாக இருக்க வேண்டும், நடுவை விடக் கடை உசத்தி. ஒரு ஜோடியை விட இரண்டு ஜோடி உசத்தி, அதை விட ஒரே மாதிரி மூன்று, அதை விட ஒரே சின்னத்தில் ஐந்து, அதை விட மூன்றும் ஜோடியும் சேர்ந்தது, அதற்கும் மேல் ஒரே மாதிரி நாலு. மாற்றி அடுக்கினால் தண்ணீர் திரும்பிவிட்டது என்போம். அந்த ஆட்டம் அவனுக்குப் போச்சு, எல்லோருக்கும் டீயும் அவன் பொறுப்பு. பொறுப்பு என்று பேர்தான், போட்டது எல்லாம் நான். அடுக்கிய பிறகு ஒருத்தர் வரிசையை மற்றவர் வரிசையோடு வைத்துப் பார்ப்போம். ஜெயித்த வரிசைக்கு ஒரு கிளிஞ்சல். மூன்றையும் தோற்றால் அது வெள்ளம், இரட்டிப்பாகத் தர வேண்டும். ஐம்பத்திரண்டு சீட்டு, ஆளுக்குப் பதிமூன்று. நாலு கை இருந்தால்தான் ஆட்டம்.

கடையில் விற்கிற காகிதக் கட்டு இங்கே எட்டு நாள் தாங்காது. உப்புக்காற்றில் நமுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்பா கொண்டு வந்தது பிளாஸ்டிக் கட்டு. அதனால்தான் வந்து நிற்கிறார்கள்.

நான் சொன்னேன், "கட்டு இருக்குது அண்ணே. குடுக்க மாட்டேன். ஆடணும்னா இங்க வந்து ஆடுங்க. நாலாவது கை நானு."

இருசப்பன் சிரித்துவிட்டான். "அப்போ டீ யாரு போடறது அண்ணி?"

எனக்குக் கோபம் வந்தது. அஞ்சு மாசத்தில் அழுகை தவிர வேறு ஏதாவது வந்தது நேற்றுதான். நேரத்துக்குச் சாப்பிடு. மதருக்கு என் வணக்கம்.

அம்மா சவரியம்மாள்


நவகன்னியர் இல்லம்
20-10-2024

இயேசுவில் அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். தாங்களும் நலமாயிருக்கத் தினமும் செபிக்கிறேன். இங்கே வெந்நீர் தருகிறார்கள். சளி இல்லை. முழங்காலுக்கு நொச்சி இலை வைத்து ஒத்தடம் கொடுங்கள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வருஷ நினைவுப் பூசைகூட இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து சீட்டாடினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று தங்களுக்குத் தெரியாததா? கட்டைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. அவர்கள் அப்பாவின் நண்பர்கள். பொம்மையார்பாளையத்தில் சாலம்மாள் சித்தி வீட்டில் போய்க் கொஞ்ச நாள் இருங்கள்.

இங்கே மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம். போன் கிடையாது.

தங்கள் செபத்தில் என்னை நினைக்கும்,
மேரிசெல்வி


மரக்காணம்
28-10-2024

பொம்மி,

நலம். நொச்சி வைத்தேன், கொஞ்சம் தேவலை. நீ எழுதிய 'தாங்கள்' எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்த மாதிரியும் இருக்கிறது.

தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குப்புசாமி அண்ணன் வீட்டம்மா விருத்தாம்பாள் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, புருஷன் போன பிறகு சிலருக்குக் கை அரிக்கும் என்றாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நாலு பதில் வந்தது.

நீ கட்டைக் கொடுத்துவிடு என்கிறாய். கொடுத்துவிட்டால் மழைக்காலத்தில் இந்த வீட்டுக்கு ஒரு மனுஷன் வர வேலையில்லை. சித்தி வீட்டில் போய் உட்கார்ந்து அவள் மருமகள் முகத்தைப் பார்க்கவா? இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஆடத் தெரியும் பொம்மி. நன்றாகத் தெரியும். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

காகிதக் கட்டு வாங்கி ஒரு வாரம் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். ராணி மேல் ராஜா ஒட்டிக்கொண்டு பிரிக்கிறபோது கிழிந்துவிட்டதாம். சனிக்கிழமை மறுபடியும் வந்தார்கள். பேசி முடிவாகிவிட்டது. டிசம்பர் முதல் ஞாயிறு நம் வீட்டில் ஆட்டம், முப்பது சுற்று. பாலகுரு பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருப்பான். குப்புசாமி அண்ணன் இரக்கப்பட்டு, "கடைசியா வராம இருந்தா போதும்மா, எடம் உனக்குத்தான்" என்றார்.

கடைசி ஆளாக வராமல் இருந்து கிடைக்கிற இடம், பாவம் பார்த்து விட்ட இடம். சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். "மொத ஆளா வரேன் அண்ணே. வரலைன்னா கட்டையும் எடுத்துக்கோங்க, பாலகுருவையும் உக்கார வச்சுக்கோங்க" என்றேன்.

எனக்காக வேண்டிக்கொள். சீட்டுக்கு வேண்டிக்கொள்ளக் கூடாது என்றால் முழங்காலுக்கு என்று சொல்லி வேண்டிக்கொள்.

அம்மா


மரக்காணம்
18-11-2024

பொம்மி,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மெதுவாக்குவதில்லை, அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். கோபமா? உடம்பு சரியில்லையா? கோபமாக இருந்தால் பரவாயில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தேன், காற்றில் நிற்கவில்லை. கொட்டாங்கச்சியில் வைத்து மறைத்துவிட்டு வந்தேன்.

தினமும் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்து நாலு கைக்கும் போடுகிறேன். நாலையும் நானே அடுக்குகிறேன். இருசப்பன் எப்படி அடுக்குவான், தெய்வசிகாமணி அண்ணன் எதைப் பிரிக்க மனசு வராமல் வைத்திருப்பார், எல்லாம் தெரிகிறது. என் கை என்று எடுக்கிறபோதுதான் விரல் நிற்கிறது. மூன்று ஜாக்கி கையில் இருக்கும், அடுக்கத் தெரியும், ஆனால் கை ஓடாது. எதிரில் அப்பா முதுகு இல்லாமல் எனக்குச் சீட்டைப் பார்க்க வரவில்லை. நேற்று இரண்டு தடவை தண்ணீர் திரும்பிவிட்டது. எனக்கு நானே டீ போட்டுக் குடித்தேன்.

இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

அம்மா


நவகன்னியர் இல்லம்
24-11-2024

அம்மா,

நான் நலம். கோபம் இல்லை. உன் அக்டோபர் கடைசிக் கடிதத்தை மதர் வைத்துக்கொண்டு, இதை இவளுக்குக் கொடுக்கலாமா என்று மூன்று வாரம் யோசித்திருக்கிறார். நேற்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். 'தாங்கள்' என்று எழுத வரவில்லை இன்றைக்கு. மன்னித்துக்கொள்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பாவுக்குப் பின்னால் நீ டீத்தட்டோடு உட்கார்ந்திருப்பாய். அப்பா கட்டைவிரலை ஒவ்வொரு சீட்டாக நகர்த்துவார். கடைப்பாத்திக்குப் போக வேண்டிய சீட்டில் விரல் வந்ததும் நீ முதுகில் ஒரு அழுத்து அழுத்துவாய். அவர் அந்தச் சீட்டை எடுத்து வைப்பார். அது முடிந்ததும் நடுப்பாத்தி. அவர்கள் எல்லாம், சாலமன் நிதானமா யோசிக்கிற ஆளுப்பா என்று சொல்லுவார்கள். நான் பாயில் படுத்துக்கொண்டு உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடியது நீ. அவர்கள் இத்தனை வருஷம் தோற்றது உன்னிடம். இதைச் சொன்னால் முப்பது சுற்றும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம், இடம் தானாக வரும். ஏன் அம்மா சொல்லவில்லை?

இடத்தை விடாதே. முன்பு கட்டைக் கொடுத்துவிடு என்று எழுதியதை அடித்துவிடு.

உன் பொம்மி


மரக்காணம்
9-12-2024

பொம்மி,

உயிரோடு நலமாக இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புயல் செய்தி கேட்டு நீ பயந்திருப்பாய். ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை கரை கடந்தது. பின்பக்கத்து ஓடு பாதி போய்விட்டது. முட்டி வரைக்கும் தண்ணீர் வந்து, பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் தங்கினோம். உப்பளம் எது கடல் எது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு யுவராணியின் ஆடு ஒன்று போச்சு. சீட்டுக்கட்டை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.

ஓடு போட அந்த மூன்று பேரும்தான் வந்தார்கள். இரண்டு நாள் ஏறி நின்று வேலை செய்தார்கள். சீட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கிளம்பும்போது இருசப்பன் மட்டும் ஏணியில் நின்றுகொண்டு, "ஓடு போட்டுக் குடுத்ததுக்காக விட்டுக் குடுக்கக் கூடாது அண்ணி, இருபத்தொம்பதாம் தேதி உக்காருவோம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். நான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரிந்தே இருக்கிறது. எனக்கு ஒரு பாரம் இறங்கியது. ஆனால் சொல்ல மாட்டேன். இந்தத் தெருவில் அப்பாவுக்கு வீடு வாசல் என்று பெரிசாக எதுவும் இல்லை. பதிமூணு சீட்டுல சாலமனை அடிக்க ஆள் இல்லை என்கிற ஒரு பேர் இருக்கிறது. செத்தவரிடமிருந்து அதைப் பிடுங்கி நான் உட்காருகிற இடத்தில் போட்டுக்கொள்ள மாட்டேன். என் இடத்தை என் கையால் எடுக்கிறேன்.

முதுகு இல்லாமல் ஆட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சுவருக்கு நேராக உட்காருகிறேன். கட்டைவிரலை நானே நகர்த்துகிறேன். அழுத்த வேண்டிய சீட்டு வந்ததும் இடது கை விரலால் என் தொடையில் அழுத்துகிறேன். கை ஓடுகிறது.

அம்மா


நவகன்னியர் இல்லம்
16-12-2024

அம்மா,

நீ நலம் என்று படித்த பிறகுதான் சாப்பிட்டேன். கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். புது ஓடு ஒழுகுகிறதா?

நீ சொன்னது சரி. நான் இனி அதைக் கேட்க மாட்டேன்.

ஜனவரி இருபதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்கு மௌனகாலம். கடிதம் வந்தால் படிக்கலாம், எழுதக் கூடாது. அதற்குள் ஆட்டம் என்ன ஆயிற்று என்று எழுதிவிடு. இருபத்தொன்பதாம் தேதி பத்து மணிக்கு நாங்கள் தோட்டத்தில் கேரட் பிடுங்குவோம். பிடுங்கிக்கொண்டே உன்னை நினைப்பேன்.

பொம்மி


மரக்காணம்
2-1-2025

பொம்மி,

புது வருஷ வாழ்த்து. நலம். முழங்கால் வலியை நாலு நாளாக மறந்தே போனேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், என் எதிரில் இருசப்பன், வலது பக்கம் குப்புசாமி அண்ணன், இடது பக்கம் தெய்வசிகாமணி அண்ணன். பாலகுரு புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து மூலையில் கிளிஞ்சல் எண்ண உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே யுவராணி நின்றுகொண்டிருந்தாள். துணி காயப்போட வந்தவள், நாலு மணி வரைக்கும் காயப்போட்டாள்.

முதல் அஞ்சு சுற்றில் எனக்குச் சீட்டே வரவில்லை. ஒரு தடவை மூன்று பேரிடமும் வெள்ளம். கொடுத்தேன், கொடுத்தேன், முன்னால் வைத்திருந்த குவியல் கரைந்துபோச்சு. பாலகுரு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் வந்துவிட்டது.

ஏழாவது சுற்றில் குப்புசாமி அண்ணன் அவசரத்தில் நடுப்பாத்தியில் மூன்று பத்தையும் கடைப்பாத்தியில் இரண்டு ஜோடியையும் வைத்துவிட்டார். தண்ணீர் திரும்பிவிட்டது. வழக்கம் போல என்னைப் பார்த்து, "டீ வைம்மா" என்றார்.

"தண்ணி திரும்பினவங்கதான் டீ போடணும் அண்ணே. எங்க வீட்டுக்காரரு கொண்டாந்த சட்டம்" என்றேன்.

அண்ணன் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் தெய்வசிகாமணி அண்ணன் சொன்னார், "சட்டம்னா சட்டம்தான். எந்திரிப்பா." நாற்பது பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி அடுப்படியில் நின்றுகொண்டு, டீத்தூள் எது மிளகுத்தூள் எது என்று கேட்டார். யுவராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கினாள். டீ வாயில் வைக்க முடியவில்லை. நாலு பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை பார்த்துத்தான் வைத்தார்.

பதினைந்தாவது சுற்றுக்கு மேல் எனக்குக் கை வந்தது. நல்ல சீட்டு என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் டீத்தட்டோடு நான் இவர்கள் முகத்தைத்தானே பார்த்தேன். தெய்வசிகாமணி அண்ணனுக்கு ஜோடி வந்தால் உதட்டை மடிப்பார். குப்புசாமி அண்ணன் சீட்டு மோசமானால் மழையைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு மழையைப் பற்றி நிறையப் பேசினார்.

முப்பது சுற்று முடிந்தபோது முதலில் நான், அடுத்தது இருசப்பன். எனக்கு நாலு கிளிஞ்சல் கூட. நம் வீட்டு ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, மதருக்காக எழுதுகிறேன். முதல் இரண்டு பேர் மட்டும் கடைசியாக ஒரு கை போட வேண்டும். அந்தக் கணக்கும் சேர்ந்துதான் முடிவு. மூன்று பாத்தியில் ஒன்றை நான் ஜெயித்தால் போதும், முதலிடம் எனக்குத்தான். மூன்றும் தோற்று வெள்ளம் வந்தால் எல்லாம் போச்சு.

எனக்கு வந்த சீட்டு இது. இரண்டு ராஜா, மூன்று ஒன்பது, இரண்டு ஆறு, இரண்டு நாலு, ஒரு ஆஸ், ஒரு ராணி, ஒரு எட்டு, ஒரு மூணு. யாரிடம் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் அடுக்குவார்கள். மூன்று ஒன்பதும் இரண்டு நாலும் கடைப்பாத்தி. ராஜா ஜோடியும் ஆறு ஜோடியும் நடுப்பாத்தி. மிச்சம் ஆஸும் ராணியும் எட்டும் முன்பாத்தி. கடையும் நடுவும் கல்லு மாதிரி நிற்கும். நானும் அப்படித்தான் அடுக்கினேன். கவிழ்த்து வைக்கப்போனேன்.

அப்போது இருசப்பனைப் பார்த்தேன். அவன் எப்போதும் கடைசி ஆள். சீட்டைப் பிரிப்பான், சேர்ப்பான், தலையைச் சொறிவான், சத்தம் போட்டால்தான் வைப்பான். அன்றைக்கு எனக்கு முன்னால் அடுக்கிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிமூன்று சீட்டும் தானாக அடுக்கிக்கொண்டால்தான் அவன் அப்படி இருப்பான். மூன்று பாத்தியும் நிறைந்திருக்கிறது அவனுக்கு.

நான் எல்லாவற்றையும் பிரித்தேன். இரண்டு ராஜாவையும் ஆஸையும் தூக்கி முன்பாத்தியில் வைத்தேன். ஆறு ஜோடியையும் நாலு ஜோடியையும் நடுவில் போட்டேன். மூன்று ஒன்பதோடு உதிரிச் சீட்டு இரண்டைச் சேர்த்துக் கடையில். டிகிரி சரியாக ஏறுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். கடையும் நடுவும் போகட்டும், முன்னால் இருக்கிற அந்த மூன்று சீட்டை எவனும் தொட முடியாது.

அவன் கடைப்பாத்தியைத் திருப்பினான். நாலு ஏழு. நடுப்பாத்தியைத் திருப்பினான். அஞ்சும் ஆர்ட்டின். முன்பாத்தியில் ஜாக்கி ஜோடி. பாலகுரு எழுந்தே நின்றுவிட்டான்.

நான் முதலில் அடுக்கினபடி விட்டிருந்தால் மூன்றும் போயிருக்கும். என் கடையைத் திருப்பினேன், தோல்வி. நடுவைத் திருப்பினேன், தோல்வி. தெய்வசிகாமணி அண்ணன் த்சு என்றார். அப்புறம் ராஜாவைத் திருப்பினேன். இன்னொரு ராஜாவைத் திருப்பினேன்.

இருசப்பன் குனிந்து அந்த ராஜாவை எடுத்துப் பார்த்தான். "இவ்ளோ நல்ல சீட்டை ஒடைச்சு ராஜாவ முன்னாடி யாரு வப்பாங்க அண்ணி?"

"நீ அவசரமா அடுக்கினத பார்த்தவ வப்பா" என்றேன்.

அவன் பாயைத் தட்டிச் சிரித்தான். குப்புசாமி அண்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "சாலமன் சொல்லிக் குடுத்தது வீணாப் போவல" என்றார். நான் தலையாட்டினேன். பாலகுரு செருப்பு மாட்டிக்கொண்டு கிளியனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவர்கள் போன பிறகு டம்ளரைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது, பொம்மி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அம்மா


நவகன்னியர் இல்லம்
14-1-2025

அம்மா,

நலம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும். மதர் என்னிடம் கொடுக்கும்போது முகத்தை மாற்றாமல், "நாலு ஏழு வச்சிருந்தும் தோத்தானா?" என்று கேட்டார். அப்புறம், மூன்று சீட்டு வரிசைதான் மிகச் சின்னது, அதை வைத்து ஜெயித்தது பெரிய விஷயம் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

பொங்கலுக்கு எங்களுக்கு ஒரு நாள் விளையாட்டு விடுமுறை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஐம்பத்திரண்டு சீட்டு செய்துவிட்டோம். நான்கு பேர் ஆடினோம். இங்கே தண்ணீர் திரும்பினால் பாத்திரம் கழுவ வேண்டும். நான் இன்றைக்குக் கழுவினேன்.

அப்பா பேரைக் காப்பாற்றிவிட்டாய். உன் பேரையும் எடுத்துக்கொண்டாய். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

இன்னும் ஆறு நாளில் மௌனகாலம். நீ எழுது. நான் பதில் எழுத முடியாவிட்டாலும் படிப்பேன்.

பொம்மி


மரக்காணம்
27-1-2025

பொம்மி,

நலம். நீ பேசாமல் இருக்கிற நாளில் எழுதுகிறேன், தொந்தரவு என்றால் மதர் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தத் தெருவில் இப்போது என்னைப் பார்த்தால் நாலாவது கை என்கிறார்கள். இருசப்பன் வைத்த பேர். வாரம் மூன்று நாள் ஆட்டம். போன செவ்வாய் விருத்தாம்பாள் அண்ணி வந்து, குழாயடியில் சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஒரு தூக்கு நிறைய வஞ்சிரக் குழம்பு வைத்துவிட்டு, "எனக்கும் அடுக்கச் சொல்லிக் குடேன்" என்றாள். தெருவில் யுவராணி, ராசம்மாள், கொளஞ்சி மூன்று பேரும் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார்கள். சரியாக நாலு கை. புதன்கிழமை அவர்களுக்கு. முதல் நாளே நாலு பேருக்கும் தண்ணீர் திரும்பிவிட்டது. அடுப்படியில் நாலு பேரும் நின்றால் யார் டீ போடுவது என்று சண்டை.

பாத்தி வடிந்துவிட்டது. அடுத்த வாரம் பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்கக் கூப்பிடுகிறார்கள். அதனால் நேற்று இந்தப் பருவத்துக்குக் கடைசி ஆட்டம். நான்தான் ஜெயித்தேன். தோற்றுவிட்டு இருசப்பன் டீ குடித்துக்கொண்டே ஒன்று சொன்னான். அதை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

"நீ நல்லாதான் ஆடற அண்ணி. ஆனா அண்ணன் மாதிரி இல்ல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எந்த அண்ணன் மாதிரி என்று கேட்டேன்.

"மூணு வருஷம் முந்தி உனக்கு ஆபரேசன் பண்ணி பொம்மையார்பாளையத்துல போய் நாப்பது நாள் இருந்தியே. அந்த நாப்பது நாள்ல எங்க மூணு பேருல ஒருத்தனும் ஒரு தடவ ஜெயிக்கல. சீட்டு போட்டதும் அடுக்கிடுவாரு. நாங்க பிரிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டோம், அவரு கவுத்துட்டு பீடி பத்த வச்சிருப்பாரு. நீ திரும்பி வந்து பின்னாடி உக்காந்தியா, மறுபடியும் ஒவ்வொரு சீட்டா தடவ ஆரம்பிச்சாரு. எங்களுக்கும் மூச்சு வந்துச்சு."

தெய்வசிகாமணி அண்ணனும் ஆமாம் என்றார். வீட்டுக்காரி வந்ததும் சாலமனுக்குக் கவனம் சிதறுது என்று அப்போது பேசிக்கொண்டார்களாம்.

நான் சித்தி வீட்டிலிருந்து வந்த அன்றைக்கு அவரைக் கேட்டேன் பொம்மி. ஆட்டம் எப்படிப் போச்சு என்று. நீ இல்லாம ஒண்ணும் சரியா வரல, தினம் தோத்தேன் என்றார். நானும் நம்பி, அவசரமாக டீத்தட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என்னால் அவர் தோற்ற நாள்களும் உண்டு. நான் தப்பான சீட்டில் அழுத்தியிருப்பேன். அது தப்பு என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நான் சொன்ன இடத்தில்தான் வைத்தார்.

நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அழவில்லை. சோறு வடிக்கும்போது என்னை அறியாமல் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன், யுவராணி சொன்னாள்.

உன்னால் இப்போது எழுத முடியாது. எழுத முடிந்தாலும் இதற்குப் பதில் உன்னிடம் இருக்காது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். இந்தத் தெருவிலேயே நன்றாக ஆடத் தெரிந்த மனுஷன், பதினோரு மழைக்காலம் தன் சீட்டை என் விரலுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அது ஏன் பொம்மி?